உள்ளே விட்ட துணி

தையல்காரியின் வாய்க்குத் தெருவே அடங்கிக் கிடந்த காலம் ஒன்று உண்டு. காலையில் பிள்ளைகளைப் பள்ளிக்குக் கிளப்புகிற அமர்க்களம் நாலு வீடு தள்ளிக் கேட்கும். "இன்னொரு செருப்பு எங்கடி? அது மட்டும் தனியா ஊருக்குப் போயிடுச்சா?" என்று பெரியவளைப் பிடிப்பாள். "டேய் பொட்டலம், எந்திரிக்கிறியா, இல்ல அப்படியே சுருட்டிக் குப்பை வண்டியில ஏத்தி விட்டுடவா?" என்று சின்னவனைப் பிடிப்பாள். எதிர்வீட்டுக்காரர் காலையில் கடிகாரம் பார்ப்பதையே விட்டுவிட்டார். பல் தேய்க்கச் சொல்கிற சத்தம் கேட்டால் இன்னும் நேரமிருக்கிறது, செருப்பு விவகாரம் வந்துவிட்டால் கிளம்பிவிட வேண்டும். அப்படி ஒரு ஏற்பாடு அவருக்கு.

அந்த வாய் இப்போது மூடிக் கிடந்தது. வீடு எரிந்த நாளிலிருந்து.

எரிந்ததில் பெரிய மர்மம் ஒன்றுமில்லை. சமையலறைச் சுவருக்குள் ஓடிய பழைய மின்கம்பி. பட்டப்பகல். பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் இருந்தார்கள். அவள் கணவன் பேக்கரி வண்டியோடு ரொட்டி போடப் போயிருந்தான். அவள் தைத்த துணிகளைக் கொடுக்கப் போயிருந்தாள். யாருக்கும் ஒரு கீறல் கிடையாது. "உயிரோட இருக்கீங்களே, அது போதும்" என்றார்கள் வந்தவர்கள் போனவர்கள் எல்லாரும். அவளும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினாள். ஆட்டி ஆட்டிக் கழுத்துதான் நொந்தது. போதும்தான், யார் இல்லையென்றார்கள்? ஆனால் உப்பு டப்பாவை எடுக்கக் கை நீள்கிறபோது அந்த இடத்தில் உப்பு டப்பா இல்லை. எண்ணெய் போட்டுப் போட்டுப் பிள்ளையைப் போல வளர்த்த தையல் மிஷின் இல்லை. சும்மா உட்கார்ந்தால் கால் தானாக மிதிக்கிறது, கீழே மிதி இல்லை.

அன்றைக்கு அவள் நேராகப் பள்ளிக்கூட வாசலுக்கு ஓடிப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். அன்றோடு அந்தத் தெருப்பக்கம் அவர்கள் போகக் கூடாது என்றாகிவிட்டது. கரிக்கட்டையைப் பார்த்துப் பிஞ்சுகள் பயந்துவிடுமே என்ற நினைப்பு அவளுக்கு. ஆகவே பிள்ளைகளுக்கு வீடு என்பது காலையில் கதவைப் பூட்டிவிட்டு வந்த வீடாகவே இருந்தது. அதற்கு அப்புறம் நடந்ததெல்லாம் பெரியவர்கள் வாயால் கேட்டதுதான்.

அண்ணன் வீட்டு மாடியில் ஒரே அறை. சன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்துச் சுவர், கை நீட்டினால் தொடலாம். மழைக்காலத்தில் அந்தச் சுவர் ஊறி, அறைக்குள் எப்போதும் ஈர வாடை. நாலு பேரும் பாயைப் போட்டுப் படுத்தால் நடக்க வழி கிடையாது. அண்ணி நல்லவள். வாய் கொஞ்சம் காரம், கை தாராளம். "ஒரு ரூமுக்குள்ள குடும்பத்தையே அடைச்சு வச்சிருக்கேனேன்னு எனக்குத்தான் மனசு கேக்கல. நீ என்னடான்னா தெனம் என் பாத்திரத்தத் தேச்சு மானத்த வாங்குற" என்று சண்டைக்கு வருவாள்.

வகுப்பு டீச்சர்தான் சொன்னார்: "பிள்ளைங்க பயந்து போயிருக்காங்க. கொஞ்ச நாளைக்கு அதட்டாதீங்கம்மா. மெதுவாப் பேசுங்க." அந்த அம்மா நல்லதுக்குத்தான் சொன்னார். தையல்காரி அதை வைத்தியர் சொன்ன பத்தியம் மாதிரிப் பிடித்துக்கொண்டாள். குரலைத் தாழ்த்தினாள். "வாடா கண்ணு, சாப்பிடலாமா" என்றாள். கேட்கிறவர்களுக்கே என்னவோ போலிருந்தது. அவள் அண்ணன் ஒருநாள் மனைவியிடம், "என் தங்கச்சிக்குத் தொண்டையில ஏதாவது கோளாறா?" என்று கேட்டே விட்டார்.

பிள்ளைகள் இரண்டும் இரண்டு விதமாகப் போயின.

சின்னவன் எல்லாவற்றையும் முகர்ந்து பார்த்தான். சட்டையை, தட்டை, அப்பாவின் கையை. யாராவது தெருவில் குப்பை கொளுத்தினால் மேசைக்கு அடியில் போய்விடுவான். ராத்திரி படுக்கையை நனைத்தான். முன்னெல்லாம் அவன் தூங்குவதே ஒரு ஒட்டுப் போர்வைக்குள்தான். தலையோடு காலாகச் சுற்றிக்கொண்டு மூக்கு மட்டும் வெளியே தெரியக் கிடப்பான். அதனால்தான் பொட்டலம் என்று பெயர். இப்போது அது இல்லாமல் புரண்டான். அண்ணி புதிதாக வாங்கிவந்த பூப்போட்ட போர்வையைக் காலால் எத்தினான். "இதுல யாருமே இல்ல" என்று அழுதான்.

பெரியவள் அழவேயில்லை. கொடுத்ததைத் தின்றாள். யார் யாரோ கொண்டுவந்த பழைய உடுப்புகளைத் தனக்கு எது, தம்பிக்கு எது என்று பிரித்து மடித்து வைத்தாள். எல்லாருக்கும் நன்றி சொன்னாள். தூங்கும்போது மட்டும் புத்தகப் பையையும் செருப்பையும் தலைமாட்டில் வைத்துக்கொண்டாள். அண்ணி அடுப்பை அணைத்துவிட்டுப் போன பிறகு இவள் போய் இன்னொரு முறை திருகிப் பார்ப்பாள். "எவ்வளவு பொறுப்பு! பொண்ணுன்னா இப்படி இருக்கணும்" என்றார்கள். நடுவில் ஒரு தடவை சாப்பாட்டு டப்பாவைத் தொலைத்துவிட்டு வந்தாள். அண்ணி வீட்டுக் கண்ணாடி டம்ளர் ஒன்று அவள் கை தவறி உடைந்தது. "பரவால்லடா கண்ணு" என்று அம்மா பெருக்கி அள்ளினாள். குறையென்று சொன்னால் அவ்வளவுதான். இவளைப் பற்றிக் கவலைப்பட ஒன்றுமில்லை என்று தையல்காரி சின்னவனைப் பார்த்துக்கொண்டாள்.

அந்த ஒட்டுப் போர்வையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவள் வாடிக்கைக்காரர்களுக்குத் தைத்தது போக மீந்த துண்டுகளை ஒட்டுப்போட்டுத் தைத்தது அது. சின்னவன் வயிற்றில் இருந்தபோது ஆரம்பித்து, அவன் தவழ்கிற வயசில் முடித்தாள். மஞ்சளில் இலை போட்ட துண்டு, ட்ராயிங் டீச்சர் வீட்டுத் திரைச்சீலை. காக்கி, போலீஸ்காரர். நீலக் கோடு, ஐஸ் வண்டிக்காரர். சிவப்பில் வெள்ளைப் புள்ளி, மருந்துக்கடைக்காரர் மகளின் கவுன். ராத்திரி ஒவ்வொன்றாகத் தொட்டு, "டீச்சர் தூங்கிட்டாங்க, போலீஸ் மாமா தூங்கிட்டாரு" என்று சொல்லிக்கொண்டே வருவான். ஐஸ் வண்டிக்காரர் வருவதற்குள் இவன் தூங்கிவிடுவான்.

"அதே மாதிரி ஒண்ணு தச்சுக் குடேன். நீ தைக்காத போர்வையா?" என்றாள் அண்ணி, மாடிப்படியில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டே.

"துணிக்கு எங்க போறது அண்ணி? மீந்த துண்டெல்லாம் மூட்டை கட்டி வச்சிருந்தேன். அதுவும்தான் போச்சு."

"கடையில அதே துணி கெடைக்காதா?"

"எப்பவோ வந்த துணி. போலீஸ்காரருக்கே இப்ப யூனிஃபார்ம் நெறம் மாத்திட்டாங்க."

"அப்ப விடு. நாலு நாள் அழுவான், மறந்துடுவான்."

"அவன் மறந்தாலும் நான் மறக்கணுமே" என்றாள் தையல்காரி. வெங்காயத்தால் இரண்டு பேருக்கும் கண்ணைத் துடைத்துக்கொள்ள வசதியாக இருந்தது.

மிஷின் போன பிறகு அவள் ஒரு யூனிஃபார்ம் தைக்கிற கூடத்தில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். வரிசை வரிசையாக மிஷின்கள். அங்கே யாரும் முழுச்சட்டை தைப்பதில்லை. ஒருத்தி கை, ஒருத்தி பை, இவள் காலர். காலையிலிருந்து சாயங்காலம் வரை காலர், காலர், காலர். உடம்பில்லாத கழுத்துகளாக மேசையில் குவியும். ஒருநாள் பக்கத்து மிஷின்காரி பக்கவாட்டுத் தையலை ஓட்டுவதைப் பார்த்துவிட்டு, "என்னடி இது, உள்ள துணியே விடாம இழுத்துட்டே? நாளைக்கு உடம்பு போட்டா எதப் பிரிச்சு விடுவாங்க?" என்று கேட்டாள்.

"இங்க அதெல்லாம் கெடையாது அக்கா. ஒரு நூல் அதிகமா விட்டாலும் சூப்பர்வைசரம்மா கத்துவாங்க. இறுகினா புதுசு வாங்கிக்கட்டும்."

தையல்காரிக்கு அது மனசாகவில்லை. அவள் தைத்த துணி எதையும் பிரித்துப் பார்த்தால் உள்ளே தாராளமாக இரண்டு விரல் அகலம் துணி மடங்கிக் கிடக்கும். பிள்ளை வளரும், ஆள் பெருப்பான், உடுப்பைத் தூக்கி எறிய முடியுமா? "உள்ள விட்டிருக்கேன், வேணும்போது கொண்டாங்க, பிரிச்சுத் தர்றேன்" என்று ஒவ்வொருவரிடமும் சொல்லித்தான் கொடுப்பாள். அதை நினைத்தபடியே அடுத்த காலரை எடுத்தவள் அப்படியே நிறுத்தினாள். ஊசி துணியில் குத்தினபடி நின்றது.

டீச்சர் வீட்டுத் திரைச்சீலையின் அடிமடிப்பில் அந்த மஞ்சள் இருக்கிறது. மருந்துக்கடைக்காரர் மகளின் கவுனுக்குள் அந்தச் சிவப்பு இருக்கிறது. அடி ஆத்தி, ஊர் முழுக்க அவள் போர்வை மடிந்து கிடக்கிறது!

போய்க் கேட்பதுதான் லேசுப்பட்ட காரியமாக இல்லை. தைத்துக் கொடுக்க வேண்டிய துணிகள் சிலவும் தீயோடு போயிருந்தன. அவர்கள் முகத்தில் எப்படி விழிப்பது? கையில் ஒரு பிளேடும் சின்னக் கத்தரியும் எடுத்துக்கொண்டு, வேலை முடிந்து ஒவ்வொரு வீடாக ஏறினாள். "பிச்சை கேட்கிற மாதிரி இருக்கு" என்று கணவனிடம் சொன்னபோது அவன், "நான் வேணா கூட வர்றேன். நான் வாய மூடிக்கிட்டு நிக்கிறேன், நீ கேளு" என்றான். அவன் பேசிச் சிரிக்க வைத்தே பழக்கப்பட்டவன். அவனும் இப்போதெல்லாம் அவளைப் போலவே பேச்சைக் குறைத்துக்கொண்டிருந்தான்.

ட்ராயிங் டீச்சர் திரைச்சீலையைக் கழற்றிக் கையிலேயே கொடுத்தார். "முழுசா எடுத்துக்கோம்மா. பழசுதானே."

"வேணாம் டீச்சர், இது வெயில் பட்டு வெளுத்திருக்கு பாருங்க. மடிப்புக்குள்ள இருக்கறதுதான் புத்தம் புதுசா இருக்கும்." சொல்லும்போது அவளுக்கு ஒரு பெருமை. தையல் தெரிந்தவளுக்குத்தானே அது தெரியும்.

போலீஸ்காரர் பழைய சட்டையைத் தேடி எடுத்துவந்து, விஷயத்தைக் கேட்டுத் தலையைச் சொறிந்தார். "உள்ள விட்ட துணியா? அது எப்பவோ என் வயித்துக்குப் போயிடுச்சேம்மா. நீதானே ரெண்டு தடவை பிரிச்சு விட்டே!" பிறகு பையின் மூடியைப் பிய்த்துக்கொள்ளச் சொன்னார். "சார்னு கூப்பிட ஆளிருந்தாலும் மாமான்னு கூப்பிட அவன் ஒருத்தன்தான். எடுத்துக்கோ."

மருந்துக்கடைக்காரர் வீட்டில்தான் அவளுக்குக் கால் கூசியது. அந்த வீட்டம்மாவின் நல்ல துணி ஒன்று எரிந்து போயிருந்தது. அந்த அம்மா அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. மகளின் கவுனை மடியில் போட்டுத் தானே பிரித்தாள். பிரித்துக்கொண்டே, "ராத்திரி தூங்குறானா?" என்று மட்டும் கேட்டாள். தையல்காரிக்கு அங்கே உட்கார்ந்து ஒரு பாட்டம் அழ வேண்டும்போல இருந்தது, ஆனால் எழுந்து வந்துவிட்டாள்.

கூடத்தில் சாப்பாட்டு இடைவேளையில் தைத்தாள். சூப்பர்வைசரம்மா முதலில் முறைத்தாள், பிறகு தன் மேசையிலிருந்த நல்ல நூல்கண்டைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். பக்கத்து மிஷின்காரி தன் ரொட்டியைப் பிய்த்து இவள் வாயில் ஊட்டிவிட்டாள். துண்டு துண்டாகச் சேரச் சேர, கண்ணை மூடினாலும் எதற்குப் பக்கத்தில் எது என்று கை சொன்னது. கடைசி ஓரத்தை அடித்து முடித்து விரித்தபோது கூடத்திலிருந்த பெண்கள் எல்லாரும் கூடி நின்று பார்த்தார்கள். பளபளவென்று இருந்தது. அசல் அதே போர்வை.

அவ்வளவு தூரம் சரியாகச் செய்தவள் ஒரே இடத்தில் கோட்டை விட்டாள்.

சின்னவன் போர்வையைப் பார்த்ததும் முதலில் எட்டவே நின்றான். பிறகு மெதுவாக வந்து மூக்கை வைத்தான். "எரியலையா?" என்று கேட்டான். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு, எரிந்துபோயிற்று, இது வேறு என்று எந்தத் தாய் சொல்வாள்?

"எரியலடா கண்ணு. மர பீரோவுக்குப் பின்னாடி விழுந்து கெடந்துச்சு. அப்பாதான் தேடி எடுத்துட்டு வந்தாரு."

"வேற வாசனை வருது."

"துவைச்சேன்ல."

"பளிச்சுனு இருக்கு."

"நல்லாத் துவைச்சேன்."

சந்தோஷத்தில் அவன் கத்திய கத்தலில் கீழேயிருந்து அண்ணி ஓடிவந்தாள். அன்றைக்குப் போர்வைக்குள் சுருண்டவன் போலீஸ் மாமாவரைக்கும்கூடப் போகவில்லை, தூங்கிவிட்டான். படுக்கை நனையவில்லை. பெரியவள் போர்வையின் ஒரு முனையை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். விரலால் தையலைத் தடவினாள். பிறகு தம்பியின் கால்மேல் இழுத்துப் போர்த்திவிட்டு, "நல்லா இருக்கும்மா" என்றாள்.

"ஏன் அப்படிச் சொன்னே?" என்றான் கணவன், வெளியே வந்ததும்.

"பின்ன என்ன சொல்லணும்? அவன் மூஞ்சியப் பாத்தீங்கல்ல?"

"பாத்தேன். அதான் கேக்குறேன்."

மறுநாளே வினை ஆரம்பித்தது. காலையில் கண்ணைத் திறந்ததும் சின்னவன் கேட்டான்: "அப்ப என் செவப்பு லாரி? அதுவும் பீரோ பின்னாடிதானே இருந்துச்சு?" அப்பா சரியாகத் தேடவில்லை என்று முடிவு கட்டினான். தினமும் வேலைக்குக் கிளம்புகிற தகப்பனை வாசலில் மறித்து, இன்றைக்குக் கட்டிலுக்கு அடியில் பாருங்கள், இன்றைக்குச் சமையலறை மேல் தட்டில் பாருங்கள் என்று சொல்லி அனுப்பினான். சாயங்காலம் வெறுங்கையோடு வருகிற அப்பாவின் முகத்தை அண்ணாந்து பார்ப்பான். ரொட்டி வாசனை அடிக்கிற அந்த மனுஷன் உடைந்த பிஸ்கட்டைக் கொடுத்துவிட்டுக் குளிக்கப் போய்விடுவான். வெகுநேரம் தண்ணீர்ச் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும்.

"அத்தை, நாங்க சீக்கிரம் எங்க வீட்டுக்குப் போயிடுவோம். நீங்க அழாம இருக்கணும்" என்று அண்ணிக்கு ஆறுதல் வேறு. அண்ணி விடுவிடுவென்று சமையலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

வாடகைக்கு ஒரு வீடு அமைந்தது. சின்ன வீடுதான், ஆனால் வெளிச்சம் உண்டு. நாலு பேருமாகப் பார்க்கப் போனார்கள். சின்னவன் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டான். "நமக்குத்தான் வீடு இருக்கே. இது யாரு வீடு?" என்றான். தூக்கினால் விறைத்தான், இறக்கினால் திரும்பவும் உட்கார்ந்தான். போர்வை வராமலிருந்தால் இந்நேரம் அழுது தீர்த்திருப்பான். இப்போது நம்பிக்கொண்டிருக்கிறான். அழுகிற பிள்ளையைத் தேற்றலாம், நம்புகிற பிள்ளையை என்ன செய்வது? தையல்காரிக்குத் தன் வாயைத் தானே தைத்துக்கொள்ளலாம் போலிருந்தது. நாளைக்குச் சொல்லிவிடுகிறேன் என்று தினமும் நினைத்தாள். தினமும் அவன் போர்வைக்குள்ளிருந்து மூக்கை நீட்டிச் சிரித்தான். இப்படியே போனால் இவன் எந்த வீட்டிலும் குடியேறாமல், இல்லாத வீட்டின் வாசலிலேயே நின்றுவிடுவானோ என்று அவளுக்குப் பயம் வந்துவிட்டது.

அன்றைக்கு மத்தியானம் பெரும் மழை. வேலை முடிந்து அவள் வருகையில்தான் வெறித்திருந்தது. அண்ணி வாசலில் நின்றாள், முகத்தில் ரத்தமே இல்லை.

"பிள்ளைங்க உன்கூடவா?"

"என்கூட எப்படி வரும்?"

"ஸ்கூல் விட்டு இன்னும் வரல. நான் போய்ப் பாத்தேன், கேட்டையே பூட்டிட்டாங்க. சின்னவன் காலையில போர்வையப் பைக்குள்ள திணிச்சான். நானும் வெளையாட்டுன்னு விட்டுட்டேன்."

போர்வை என்ற சொல்லைக் கேட்டதுமே அவளுக்குப் புரிந்துவிட்டது. பையைப் படியில் எறிந்துவிட்டு ஓடினாள். தேங்கின தண்ணீரில் செருப்பு வழுக்கியது, கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டாள். தெருமுனையிலேயே அந்த நாற்றம் வந்துவிட்டது. நனைந்த கரியின் நாற்றம். வெயிலில் அடங்கிக் கிடந்தது மழைக்குக் கிளம்பியிருந்தது.

வாசல் நிலை இருந்தது, கதவில்லை. உள்ளே கூரை பாதி இல்லாமல் வானம் தெரிந்தது. கறுத்த சுவர்களில் மழைநீர் கோடு கோடாக இறங்கியிருந்தது. சின்னவன் போர்வையைத் தோளில் சுற்றிக்கொண்டு நின்றான். கையெல்லாம் கரி, மூக்கில் கரி. பெரியவள் குந்தி உட்கார்ந்து ஒரு குச்சியால் சாம்பலைக் கிளறிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ஒரு கரண்டி, குழாயின் திருகு, பாதி உருகின மிஷின் சக்கரம்.

அவளுக்கு மூச்சு திரும்ப நேரமாயிற்று. சின்னவன்தான் முதலில் பேசினான்.

"அம்மா, பீரோவே இல்ல."

"ஆமாண்டா."

"பீரோவே எரிஞ்சு போயிருக்கு. அப்ப பின்னாடி கெடந்த போர்வை எப்படி எரியாம இருந்துச்சு?"

ஐந்து வயசுக்கு என்ன கேள்வி! அவள் சாம்பலிலேயே மண்டியிட்டு உட்கார்ந்தாள். இனி மறைக்க என்ன இருக்கிறது?

"எரிஞ்சு போச்சுடா. எல்லாமே எரிஞ்சு போச்சு. உன் போர்வையும் போச்சு, லாரியும் போச்சு. இது நான் புதுசாத் தச்சது. அம்மா பொய் சொல்லிட்டேன்."

அவன் முகம் கோணியது. பிறகு ஒரு அழுகை வந்தது பாருங்கள், இத்தனை நாளும் வராத அழுகை. போர்வையை உருவிக் கீழே போட்டான். "இது வேணாம்! என்னோடத குடு! என்னோடத குடு!" என்று காலை உதைத்தான். அவள் தடுக்கவில்லை. தர முடிந்தால் தந்திருக்க மாட்டாளா? "எனக்கும் வேணும்டா. எனக்கும் நம்ம வீடு வேணும்" என்றாள், அவளுக்கும் குரல் உடைந்துவிட்டது. அப்படி ஒரு நாளும் அவள் பிள்ளைகளிடம் சொன்னதில்லை.

அழுது ஓய்ந்து விக்கலாக ஆனபோது, அவன் கீழே கிடந்ததைக் கண்ணால் காட்டிக் கேட்டான். "அதுல போலீஸ் மாமா பொய்யா?"

"இல்லடா. அவரு சட்டையிலிருந்துதான் பிச்சேன். நெஜம்."

"டீச்சரு?"

"நெஜம். எல்லாரும் நெஜம். தச்சதுதான் புதுசு."

அவன் யோசித்தான். குனிந்து ஒரு முனையைப் பிடித்துத் தூக்கினான், ஆனால் போர்த்திக்கொள்ளவில்லை.

தையல்காரி பெரியவளைப் பார்த்தாள். அவள் இன்னும் கிளறிக்கொண்டுதான் இருந்தாள். "உனக்குத் தெரியுமாடா கண்ணு?"

"தெரியும். பழசுல அடியில கறுப்பு நூல். இதுல வெள்ளை."

"தெரிஞ்சுமா இவனக் கூட்டிட்டு வந்தே?"

குச்சி நின்றது. "அது புதுசுன்னு தெரியும்மா. ஆனா வேற ஏதாவது ஒண்ணு நெஜமாவே மிச்சமிருக்குமோன்னு…"

சின்னவன் அக்காவைப் பார்த்தான், அம்மாவைப் பார்த்தான். "எனக்குப் போர்வை. அக்காவுக்கு என்ன தச்சே?" என்று கேட்டான்.

அவன் சாதாரணமாகத்தான் கேட்டான். பிஸ்கட் பங்கு வைக்கும்போது கேட்பதைப் போலத்தான். ஊர் முழுக்க ஏறி இறங்கி ஒவ்வொரு மடிப்பாகப் பிரித்தவள், பெரியவள் எதைப் பறிகொடுத்தாள் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லையே!

"உனக்கு என்னடா வேணும்? சொல்லு கண்ணு. அம்மா செஞ்சு தர்றேன்."

"எனக்கு ஒண்ணும் வேணாம்மா. பரவால்ல."

"சொல்லுடா தங்கம்."

"அப்படிக் கூப்பிடாத!" பெரியவள் குச்சியை வீசி எறிந்தாள். "தங்கம், கண்ணுன்னு அப்படியெல்லாம் கூப்பிடாத! டப்பாவ வேணும்னேதான் தொலைச்சேன். அத்தை வீட்டு டம்ளர வேணும்னேதான் உடைச்சேன். நீ பரவால்லைங்குற. எதுக்கெடுத்தாலும் பரவால்லைங்குற. இங்க இருந்தப்ப எவ்வளவு திட்டுவே! இப்ப திட்டவே மாட்டேங்குற. வீடு போனா போகட்டும், நீ எங்கம்மா போனே?"

சொல்லிவிட்டுப் பெரியவள் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். தீ பிடித்த நாளிலிருந்து முதல் தடவையாக அவள் கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கியது, கரியோடு சேர்ந்து கன்னத்தில் கோடு விழுந்தது.

தையல்காரி வாயைத் திறந்தாள். முதலில் காற்றுதான் வந்தது.

"ஏண்டி," என்றாள். தொண்டையைச் செருமிக்கொண்டாள். "ஏண்டி கழுத, அறிவிருக்கா உனக்கு? மேல பாரு. உத்தரம் எப்படித் தொங்குது பாரு! மழையில ஊறின செவரு, தும்மினா விழும். இதுக்குள்ள தம்பியையும் இழுத்துட்டு வந்து நின்னா என்ன அர்த்தம்? தலையில விழுந்திருந்தா நான் யாரடி போய்க் கேக்குறது? அங்க உங்க அத்தை உயிரக் கையில பிடிச்சுக்கிட்டு நிக்குறா. சொல்லிட்டு வரணும்னு தோணல? அவ்வளவு பெரிய ரோட்ட இவனக் கூட்டிட்டுத் தாண்டினியா? பெரிய மனுஷின்னு நெனப்போ? டம்ளர வேணும்னே உடைச்சாளாம், வேணும்னே! உங்கப்பன் என்ன கண்ணாடிக் கடையா வச்சிருக்கான்? டேய், நீ என்ன சிரிக்கிற? மூக்கத் தொடை! வாங்க வீட்டுக்கு, ரெண்டு பேரு முதுகுத் தோலையும் உரிக்கிறேன் இன்னைக்கி!"

குரல் ஏறிக்கொண்டே போய், கூரையில்லாத அந்த இடத்திலிருந்து தெருவுக்குள் இறங்கியது. திட்டிக்கொண்டே இரண்டு பேரையும் இழுத்து வாசல் நிலையைத் தாண்டி வெளியே கொண்டுவந்து விட்டாள். முந்தானை, பாவாடை எல்லாம் சாம்பல். கண்ணிலிருந்து கொட்டிக்கொண்டே இருந்தது, அதைத் துடைக்கக் கை ஒழியவில்லை. மூச்சு வாங்கி ஒரு நொடி நிறுத்தினாள்.

பெரியவள் அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டு வயிற்றில் முகத்தைப் புதைத்திருந்தாள். உடம்பு குலுங்கியது. ஏதோ சொன்னாள், கேட்கவில்லை. தையல்காரி குனிந்தாள்.

"நிறுத்தாதம்மா" என்றாள் பெரியவள். "இன்னும் திட்டு."